கோயிலுக்கு ஒரு கட்டம்

காளவாசலில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் நல்லகாமன் கம்ப்யூட்டர் வைத்த வருஷம் எண்பத்தெட்டு. அந்தப் பக்கத்தில் அதுவரை கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அதனால் அதற்கு ஏகப்பட்ட மரியாதை. மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறி வருவார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. வாசலில் 'கம்ப்யூட்டர் கல்யாண சேவை' என்று போர்டு. தன் சனத்துக்கு மட்டும் என்றுதான் நல்லகாமன் ஆரம்பித்தார். மில்லிலும் மின்சார வாரியத்திலும் வேலை கிடைத்து மதுரைக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு ஊர் ஊராய் அலைந்து வரன் பார்க்க நேரமில்லை. வந்து விவரத்தைச் சொன்னால் போதும், மீதியை மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று பேச்சு.

மிஷின் என்று எல்லோரும் சொன்னது உண்மையில் சின்னக்கருப்பனைத்தான். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, டவுனில் ஒரு சென்டரில் டிபேஸ் படித்தவன். ஆட்களின் விவரத்தைச் சேர்த்து வைப்பதற்கான சாமான் அது. ஒரு ஆளுக்கு ஒரு வரி; அந்த வரியில் பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒரு கட்டம், ஊர், படிப்பு, நட்சத்திரம், வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதன் மேல் சின்னக்கருப்பன் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். ஒரு பெண்ணின் பெயரைத் தட்டினால், ஃபைலில் இருக்கிற அத்தனை பையன்களையும் ஒருவர் விடாமல் பார்த்து, ஒத்துவராதவர்களைத் தள்ளிவிட்டு, மிச்சமிருப்பவர்களைப் பச்சை எழுத்தில் காட்டும். அது முதன்முதலாகப் பிழையில்லாமல் ஓடியபோது அவன் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். இருபத்துமூன்று வயது. அவன் வீட்டில் ஒருவர் சொல்லி இன்னொன்று ஓடியது அதுதான் முதல் தடவை. மற்ற நேரமெல்லாம் அவர்கள்தான் பிறர் சொல்லி ஓடினார்கள்.

அந்தப் புரோகிராமில் ஒரு கட்டம் இல்லை. கோயிலுக்கான கட்டம்.

அந்தச் சனத்தில் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ஊர் வேறாக இருக்கலாம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கோயில் ஒன்றென்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. அதில் பேச்சே கிடையாது. அதனால் வரன் பேச வருகிறவரிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டும்போதே "நீங்க எந்தக் கோயிலுக்குப் பாத்தியப்பட்டவுக?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். நட்சத்திரம் பார்க்காமல் கல்யாணம் நடந்திருக்கிறது. கோயில் கேட்காமல் நடந்ததில்லை.

இது சின்னக்கருப்பனுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தெரிந்துதான் விட்டான்.

வேலைக்கு வந்த அன்றைக்கு நல்லகாமன் அவன் தோளில் கை போட்டு, "நீ நம்ம பயதானடா?" என்று கேட்டார். அவன் சிரித்தான். ஆமாம் என்று சொல்லவில்லை என்பதை அவன் பிறகு பலமுறை தனக்கே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்தச் சிரிப்பும் பொய்தான், வாயைத் திறக்காத பொய். பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க வழியில்லை. மதுரைப் பக்கம் கருப்பன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். கண்டுபிடிக்கிற கேள்வி ஒன்றுதான், எந்தக் கோயில் என்கிற கேள்வி. சின்னக்கருப்பனின் வீடு சமயநல்லூர் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். அவன் அம்மா ராமக்காள் இன்னும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் சாமியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நல்லகாமனுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

நல்லகாமன் கெட்ட மனுஷர் இல்லை. பாசக்காரர். பாசம்தான் ஆபத்தாகப் போயிற்று. "புரோகிராம் முடிஞ்சதும் மொத ஆளா உன் விவரத்தைப் போடு மாப்ள. உனக்கே ஒரு பொண்ணு பாத்துருவம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு ஒரு கட்டம் இருந்தால் அதில் அவன் எதையாவது எழுத வேண்டும். அதனால் கட்டமே வேண்டாம் என்று எடுத்துவிட்டான். எப்படியும் குடும்பத்துக்காரர்கள் நேரில் கேட்டுக்கொள்ளத்தானே போகிறார்கள், கம்ப்யூட்டர் காலத்தில் இதெல்லாம் என்னத்துக்கு, ஃப்ளாப்பியில் இடம் போதாது. படித்தவனுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்? நல்லகாமன் ஒருநாள், "கோயில் எல்லாம் போட்டாச்சுல்ல?" என்று கேட்டார். "எல்லாம் இருக்குண்ணே" என்றான். அவர் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிற சிரமத்தை வைத்துக்கொள்ளவில்லை.

மாசி சிவராத்திரிக்கு ஊர்ச் சனம் பூராவும் அவரவர் கோயிலுக்குப் போனது. சின்னக்கருப்பன் ஆபீசில் வேலை இருக்கிறதென்று இங்கேயே உட்கார்ந்திருந்தான். போனால் எங்கே போனாய் என்று கேட்பார்களே.

வில்லாபுரத்திலிருந்து முத்துத்தாய் வந்தது அதற்கு அடுத்த வாரம். அப்பா காசிமாயனுக்கு மில்லில் பகல் ஷிப்ட், அம்மா இல்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண், தானே பஸ் ஏறி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். அவன் தட்டிக்கொண்டே வந்தான். முடிந்தது என்றதும் எழுந்தவள், நின்றாள்.

"சார், கோயில் கேக்கலையே?"

"அது வேண்டாம்மா. மிஷினே பாத்துக்கிரும்."

"மிஷினுக்கு எங்க சாமியெல்லாம் தெரியுமா சார்?" என்று சிரித்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். அவனுக்குக் காது மடல் சுட்டது. அந்த நிமிஷமே கூப்பிட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

புரோகிராம் அவளுக்குக் காட்டிய பையன் அழகுமலை. சமயநல்லூர் விருமாண்டியின் மகன், மின்சார வாரியத்தில் வேலை. டியூட்டிக்குப் போகிற வழியில் தானே வந்து விவரத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வயது சரி, படிப்பு சரி, நட்சத்திரம் சரி. ஒரு பொருத்தம் குறையவில்லை. போட்டோ மாற்றிக்கொண்டார்கள். இந்த இடத்தில்தான் யாரும் நினைக்காதது நடந்தது. விருமாண்டி வீட்டார், கோயிலெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தாகிவிட்டது, மறுபடியும் கேட்டால் நம்மைப் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்கள் என்று கேட்காமல் விட்டார்கள். காசிமாயனும் அதையே நினைத்து அதையே விட்டார். தலைமுறை தலைமுறையாக வாயில் முதலாவதாக வந்த கேள்வியை இரண்டு வீடும் ஒரு பச்சைத் திரைக்காக விழுங்கிவிட்டன.

பூ வைக்கிற அன்றைக்கு வில்லாபுரத்தில் தெருவே கூடியிருந்தது. விருமாண்டியின் மனைவி சின்னத்தாய் தட்டில் சேலையும் பூவும் கொண்டுவந்து, முத்துத்தாயின் தலையில் தன் கையாலேயே பூவை வைத்தாள். அதன் பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது சந்தோஷத்தில் சொன்னாள்: "வார மாசிக்கு மருமகளை எங்க ஆத்தங்கரை அய்யனாருக்குக் கூட்டிட்டுப் போயிப் பொங்க வைக்கணும்."

காசிமாயன் கையில் இருந்த குழம்பு வாளியை அப்படியே கீழே வைத்தார். "எந்த அய்யனாரு?" என்றார். பிறகு, "அது எங்க கோயிலாச்சே" என்றார்.

அண்ணன் தங்கை. பாதி இலையில் சனம் எழுந்தது. முத்துத்தாய் அந்தப் பையனின் போட்டோவைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்ததை எவளோ ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். அண்ணன் போட்டோவை எதற்கு ஒளித்து வைத்தாள் என்று இன்னொருத்தி கேட்டாள். தலையில் வைத்த பூவை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தப் பெண் அதோடேயே அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

இதையெல்லாம் மறுநாள் காலையில் நல்லகாமன் சொல்லித்தான் சின்னக்கருப்பனுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, கத்தினார்.

"கோயில் கேக்கலையாடா நீ?"

"விட்டுப்போச்சுண்ணே."

"விட்டுப்போச்சா? நம்ம பயலா இருந்துக்கிட்டு அதை எப்படிடா மறப்ப? சோறு திங்க மறப்பியா?"

சின்னக்கருப்பன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொல்ல அதுவும் ஒரு இடம்தான். அதையும் விட்டான்.

நல்லகாமன் கொஞ்ச நேரம் அந்த அறைக்குள்ளேயே நடந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. அந்தத் தணிந்த குரல் அவனுக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது. "இப்பச் சேக்க முடியுமா? கோயிலுக்கு ஒரு கட்டம்."

"முடியும்ணே."

"சேத்துரு. நான் சொல்லச் சொல்ல அம்புட்டுப் பேருக்கும் போடு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் போடாத. மத்தியானம் ரெண்டு வீட்டாளுகளும் வாராக. கேட்டோம், பிள்ளைதான் சொல்லலைன்னு சொல்லிருவம். இல்லாட்டி இந்த ஆபீசை இன்னைக்கோட இழுத்து மூட வேண்டியதுதான் மாப்ள. உனக்கும் வேலை இல்ல, எனக்கும் பேரு இல்ல."

ஃபைலின் அமைப்பை மாற்றுவது டிபேஸில் சின்ன வேலை. வேலைக்கான கட்டத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டத்தை வைத்தான். பூர்வீக ஊரைச் சொன்னால் கோயிலைச் சொல்லிவிடுகிற ஆள் நல்லகாமன்; மிஷின் பார்த்துக்கொள்ளும் என்றுதான் இதுவரை பார்க்காமல் இருந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல இவன் தட்டினான். முத்துத்தாயின் வரி வந்தது. அம்புக்குறி விசையை அழுத்தி அவளைத் தாண்டிப் போனான். எத்தனையோ புரோகிராம் எழுதியிருக்கிறான். இவ்வளவு சுலபமாக எதுவும் முடிந்ததில்லை.

மத்தியானம் வந்தார்கள். விருமாண்டியும் சின்னத்தாயும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காசிமாயன் உட்காரவில்லை. முத்துத்தாய் கதவை ஒட்டி நின்றாள். அழகுமலை முகத்தைக் காட்ட முடியாமல் டியூட்டிக்குப் போய்விட்டானாம்.

"மிஷினு பொய் சொல்லாது" என்றார் நல்லகாமன். "போட்டுக் காட்டு மாப்ள."

பச்சை எழுத்தில் பெயர்கள் வரிசையாக ஏறின. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கோயில். முத்துத்தாயின் வரியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. விருமாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெற்றிடத்தைப் படிக்க என்ன எழுத்து தெரிய வேண்டும்?

"இந்தா பாருங்க. அம்புட்டுப் பேரும் சொல்லியிருக்காக. இந்தப் பிள்ளை மட்டும் சொல்லல. நாங்க என்ன செய்யுறது?"

"பயலைப் பாத்து மயங்கித் தெரிஞ்சே மறைச்சிருக்கா" என்றாள் சின்னத்தாய். பையனின் போட்டோ வந்ததே அதற்கப்புறம்தான் என்று யாரும் யோசிக்கவில்லை.

முத்துத்தாய் அவர்களைப் பார்க்கவில்லை. நேராக சின்னக்கருப்பனைப் பார்த்தாள். "நான் கேட்டேனே சார். கோயில் கேக்கலையேன்னு கேட்டேன்ல? நீங்கதான வேண்டாம்னு சொன்னீங்க?"

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றான்.

காசிமாயன்தான் அசைந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன்னைவிட வயதில் சின்னவரான விருமாண்டியின் முன்னால் போய்க் கைகூப்பினார். "தாயில்லாத பிள்ளை. நான்தான் சரியா வளக்கல. மன்னிச்சுக்கிருங்க" என்றார். "அப்பா, வேண்டாம்ப்பா" என்று முத்துத்தாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கக்கத்தில் போன துண்டைப் பார்த்ததும் சின்னக்கருப்பனுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவன் அப்பா உயிரோடு இருந்தபோது, வரப்பில் நின்று இதே மாதிரி துண்டைக் கக்கத்தில் வைத்துக் கும்பிட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். செய்யாத தப்புக்குத்தான் அவரும் கும்பிட்டார். அப்படி யாரும் நம்மைக் கும்பிட வைக்கக்கூடாது என்றுதான் படித்தான். படித்த படிப்பு இன்னொருவரைக் கும்பிட வைத்திருக்கிறது. தூ என்று தன் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அப்போது அவன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பூ வச்ச தட்டையும் சேலையையும் நாளைக்குக் காலையில இங்க கொண்டாந்து குடுத்திருங்க. இத்தோட முடிச்சுக்கிருவம்" என்று விருமாண்டி எழுந்தார்.

மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்பே சின்னக்கருப்பன் வந்து ஆபீசைத் திறந்து உட்கார்ந்திருந்தான். மிஷினைப் போடவில்லை. நல்லகாமனும், பிறகு விருமாண்டியும் சின்னத்தாயும் வந்து சேர்ந்தார்கள். காசிமாயன் தட்டோடு வந்தார், பின்னால் முத்துத்தாய். ஒரே நாளில் மனிதர் மெலிந்துவிட்டதுபோல இருந்தார். தட்டைப் பெஞ்சில் வைத்தார். விருமாண்டி கையை நீட்டினார்.

"இருங்க" என்றான் சின்னக்கருப்பன். எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அந்தக் கட்டமே இவங்க வந்த அன்னைக்குக் கெடையாது. நேத்துக் காலையிலதான் சேத்தேன். இவங்க கேட்டாங்க. வாய்விட்டுக் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன். ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்யி. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"என்ன மாப்ள உளர்ற?" நல்லகாமன் பாய்ந்து வந்தார். "ஒரு கட்டம் வைக்க உனக்கு என்னடா கேடு?"

"வச்சிருந்தா மொத ஆளா என்னையத்தானண்ணே கேட்டிருப்பீக."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாகப் புரிந்தது. நல்லகாமன் வாயில் இன்னொரு 'மாப்ள' வந்து நின்றுவிட்டு உள்ளே போய்விட்டது. சின்னத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எந்தக் கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்தானோ அதைக் கேட்க வேண்டிய தேவையே இங்கே யாருக்கும் இல்லை. அவனைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளியாகிவிட்டது. சின்னக்கருப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"எங்க சாமி மடைக்கருப்பு" என்று அவனாகவே சொன்னான். குரல் உயர்ந்துவிட்டது. "கம்மா மடையில இருக்கு. கட்டடம் கெடையாது, கல்லுதான். எங்கம்மா வருசா வருசம் நடந்தே போகும். இந்த மாசி நான் போகல."

விருமாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு காசிமாயன் பக்கம் திரும்பினார். "நம்மளும் வாயிருந்தும் கேக்காம விட்டோம்ணே. பிள்ளையைச் சொல்லி என்ன செய்ய? சேலையை அதுவே வச்சுக்கிரட்டும். அண்ணன் வீட்டுச் சீருன்னு நெனச்சுக்கிருங்க." சின்னத்தாய் முத்துத்தாயின் கன்னத்தைத் தடவி, "நீ எனக்கு மக முறை ஆத்தா. ஏதோ வாயில வந்ததைச் சொல்லிப்புட்டேன்" என்று மூக்கை உறிஞ்சினாள். காசிமாயன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

முத்துத்தாய் தட்டைத் தொடவில்லை. அப்பாவை முன்னால் இறங்கவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது சின்னக்கருப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தான். தன் சாமியின் பெயரை இத்தனை பேர் முன்னால் சொன்ன வேகம் அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகவும், அவள் அதற்கு ஒரு வார்த்தை சொல்லுவாள் என்றும் எதிர்பார்த்தான்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றான்.

அவள் அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஊர்ப் பேர் சொல்லி வழி கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நேத்து எங்க வீட்டுல உலையே வைக்கல சார். எங்கப்பா போட்ட சட்டையக்கூடக் கழத்தாம விடிய விடியச் சுவத்தப் பாத்து உக்காந்திருந்தாரு. இம்புட்டையும் நேத்தே சொல்றதுக்கு என்ன சார்?"

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் படியிறங்கிப் போனாள்.